காலரா நஞ்சும் கல்கத்தா ஆய்வுக்கூடமும்

காலரா நோயால் கடுமையாகத் தாக்கப்பட்ட ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குக் கூட உடல் நீரை இழக்க நேரிடும். அரிசி கழுவிய நீர் போன்ற பேதியுடன் சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் முதலிய உப்புகளும் வெளியேறுகின்றன. கண்கள் குழிவிழுகின்றன, நாடி தளர்கிறது, சிறுநீர் நின்றுவிடுகிறது. காலையில் நலமாக இருந்தவர் சிகிச்சையின்றி அன்றிரவே இறந்துவிடுவதும் உண்டு. 1817-இல் கங்கைக் கழிமுகப் பகுதியிலிருந்து பரவத் தொடங்கிய இந்நோய், அந்நூற்றாண்டில் உலகின் பெரும் நகரங்கள் பலவற்றை அச்சுறுத்தியது.

ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) தங்கி ஆராய்ந்து, காற்புள்ளி வடிவிலான ஒரு கிருமியே காலராவுக்குக் காரணம் என்று அறிவித்தார். அக்கிருமியை இத்தாலியில் பாசினி என்பவர் 1854-லேயே கண்டு எழுதியிருந்தார். அதைக் கவனித்தவர் மிகச் சிலரே. கிருமி தெரிந்துவிட்டது. ஆனால், அது உடலிலிருந்து இவ்வளவு நீரை எவ்வாறு வெளியேற்றுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அந்த விடையைக் கண்டவர் கல்கத்தாவிலேயே பயின்று, கல்கத்தாவிலேயே பணியாற்றிய டாக்டர் சம்புநாத் டே. இன்று நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் பின்னணியில் உள்ள அறிவியலில் அவரது ஆய்வுக்கு முக்கிய இடம் உண்டு.

முயலின் குடலில் ஒரு சோதனை

டே 1915-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனில் பேராசிரியர் ராய் கேமரனிடம் நோய்க்குறியியல் ஆய்வு செய்து 1949-இல் டாக்டர் பட்டத்துடன் நாடு திரும்பினார். லண்டனில் அவர் ஆராய்ந்தது காலராவை அன்று. உடலின் உறுப்புகளில் நீர் எவ்வாறு தேங்குகிறது என்பதையே. நீர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஏன் கசிகிறது என்று ஆராய்ந்து பழகியவர், நீரிழப்பே உயிரைப் பறிக்கும் ஒரு நோய் ஆண்டுதோறும் தலைதூக்கிய நகரில் பணியேற்றது நாட்டுக்கு நற்பேறாயிற்று.

அக்காலத்தில் காலரா ஆய்வு ஒரு முட்டுச்சந்தில் நின்றிருந்தது. கிருமி உண்டாக்கும் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் தாக்குகிறது என்பதே பலரது கருத்தாக இருந்தது. ஆகவே ஆய்வாளர்கள் கிருமிகளையோ அவற்றின் சாற்றையோ விலங்குகளின் இரத்தக் குழாயிலும் வயிற்று உட்சவ்விலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, ஆனால் அவற்றுக்குக் காலராவின் அடையாளமான நீர்ப்பேதி ஏற்படவில்லை. வளர்ந்த முயல்களுக்குக் கிருமியை உணவுடன் கொடுத்தாலும் நோய் வருவதில்லை. நோயை உண்டாக்கிக் காட்ட ஒரு விலங்கு இல்லாத நிலையில், நோயின் இயல்பை அறிய வழியில்லாதிருந்தது.

டே கேள்வியின் இடத்தையே மாற்றினார். நீர் வெளிவருவது குடலிலிருந்து எனில், சோதனையும் குடலுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது அவரது தருக்கம். மயக்கநிலையில் உள்ள முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு சிறு பகுதியின் இரு முனைகளையும் நூலால் கட்டினார். இரத்த ஓட்டத்துக்குத் தடையில்லை. ஆனால் குடலின் அப்பகுதி இருபுறமும் அடைபட்ட பை போலாகிவிடும். அப்பைக்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைச் சிறிதளவு ஊசியால் செலுத்தினார். வயிற்றைத் தைத்து மூடி, ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது, கட்டப்பட்ட குடற்பகுதி நீரால் உப்பி விறைத்திருந்தது. கிருமியற்ற திரவம் செலுத்தப்பட்ட மற்றொரு குடற்பகுதியோ சுருங்கியே கிடந்தது. காலராவின் நீர்ப்பேதி ஆய்வுக்கூடத்தில் முதன்முறையாக எளிதில் திரும்பத் திரும்பச் செய்து காட்டக்கூடியதாயிற்று. இம்முடிவுகளை அவர் டி. என். சட்டர்ஜியுடன் இணைந்து 1953-இல் வெளியிட்டார்.

இச்சோதனைக்கு வேண்டியிருந்தவை முயல்கள், நூல், ஊசி, கிருமி வளர்ப்புக் கலங்கள் ஆகியவையே. வெளிநாட்டு நாணயம் செலவழித்து இறக்குமதி செய்ய வேண்டிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆராய்ச்சி என்றாலே பெரும் மூலதனம் என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்வது நன்று.

1956-இல் டே தம் சகாக்களுடன் இதே முறையை வேறொரு கிருமிக்கும் கையாண்டார். எஷரிக்கியா கோலி என்பது பெரும்பாலும் தீங்கின்றி எல்லோரது குடலிலும் வாழ்வது. ஆனால், குடல் அழற்சி நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட இக்கிருமியின் சில வகைகள் முயலின் குடலில் காலராவைப் போன்றே நீரைத் தேக்கின. காலரா இல்லாத சாதாரண வயிற்றுப்போக்கிலும் குடல் நஞ்சு செயற்படக்கூடும் என்பதற்கு இது முற்காலச் சான்றாகும். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும், அயல்நாடு செல்லும் பயணிகளின் வயிற்றுப்போக்குக்கும் இந்த நஞ்சுவகைக் கிருமி ஒரு முக்கிய காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. டேயின் பணிகளுள் அதிகம் பேசப்படாதது இதுவே. ஆனால் நாட்டின் நோய்ச்சுமையோடு ஒப்பிடுகையில், காலரா ஆய்வினும் இதனைக் குறைத்து மதிப்பிட இயலாது.

முடிவான சான்று 1959-இல் வந்தது. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத வடிநீரை மட்டும் குடற்பகுதியில் செலுத்தியபோதும் நீர் தேங்கியது. எனவே கிருமி தன் உடலுக்கு வெளியே ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்நஞ்சு குடலின் உட்சுவரில் நேரடியாகச் செயற்படுகிறது. லண்டனிலிருந்து வெளிவரும் ‘நேச்சர்’ இதழில் டேயின் பெயர் மட்டும் தாங்கி வந்த சுருக்கமான கட்டுரை இதனை அறிவித்தது. அதே ஆண்டில் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவும் அவரது குழுவினரும் குட்டி முயல்களைக் கொண்டு, வேறு வழியில் காலரா நஞ்சின் செயலைக் காட்டினர். ஒரே ஆண்டில் இந்தியாவின் இரு நகரங்களிலிருந்து ஒரே திசையில் சான்றுகள் வெளிவந்தன.

தாமதித்த அங்கீகாரம்

கண்டுபிடிப்பின் மதிப்பை உலகம் உடனே உணரவில்லை. 1960-களின் நடுப்பகுதிக்குப் பின்னரே டேயின் கட்டுரைகள் பிற நாடுகளின் ஆய்வுகளில் மிகுதியாக எடுத்தாளப்பட்டன. நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுக்கும் பணி 1969-இல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைன் குழுவினரால் நிறைவேறியது. டே 1973-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். ஸ்டாக்ஹோமில் 1978-இல் காலரா குறித்து நடைபெற்ற நோபெல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவரது பெயரை அப்பரிசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை முன்மொழிந்தார். எனினும் நம் நாட்டு அறிவியல் கழகங்கள் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்காமலே, 1985 ஏப்ரலில் அவர் காலமானார். ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் 1990-இல் அவருக்கென ஒரு சிறப்பிதழை வெளியிட்டது.

இதனை ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியாக மட்டும் கொள்வது போதாது. 1959-க்குப் பின் அந்த நஞ்சைப் பிரித்தெடுக்கவும் அதன் அமைப்பை ஆராயவும் உயிர்வேதியியல் வல்லுநர்களும் கருவிகளும் தேவைப்பட்டன. தனியொரு மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறை அவற்றைத் தன் வரவு செலவுக்குள் ஏற்பாடு செய்துகொள்ள இயலாது. முதற்படிக்குச் செலவு மிகக் குறைவு. இரண்டாம் படிக்கே முதலீடு வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஆய்வு நாட்டைவிட்டு வெளியே நகர்ந்தது. ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவோர் முதற்படியில் காட்டும் தாராளத்தை இரண்டாம் படியிலும் காட்டுகிறார்களா என்பது இன்றும் கேட்கத்தக்க கேள்வி.

குடல் இழந்தது எது, இழக்காதது எது?

நஞ்சு செயற்படும் முறை இப்போது தெளிவாகத் தெரியும். அதன் ஒரு பகுதி குடற்சுவரின் உயிரணுவில் ஒட்டிக்கொள்கிறது. மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து, உயிரணுவுக்குள் ‘சைக்ளிக் ஏஎம்பி’ என்னும் வேதிப்பொருளின் அளவை உயர்த்துகிறது. அதனால் குளோரைடு குடலுக்குள் இடைவிடாது சுரக்கிறது. அதனைத் தொடர்ந்து சோடியமும் நீரும் வெளியேறுகின்றன. திறந்த குழாயை மூட முடியாத நிலை இது.

இங்கு கவனிக்க வேண்டியது, குடற்சுவர் அழிவதில்லை என்பதே. காலராவில் குடலின் உட்தோல் உரிந்துபோகிறது என்று முன்னர் நம்பப்பட்டது; அந்நம்பிக்கை பிரேதப் பரிசோதனைகளால் எழுந்தது. இறந்தபின் ஏற்படும் சிதைவை நோயின் விளைவாகக் கருதிவிட்டனர். 1960-இல் உயிருள்ள நோயாளிகளின் குடலிலிருந்து சிறு திசுக்களை எடுத்து ஆராய்ந்தபோது உட்தோல் நலமாகவே இருந்தது. அதே ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலாளர், குடலில் சர்க்கரையும் சோடியமும் ஒன்றோடொன்று இணைந்தே உறிஞ்சப்படுகின்றன என்ற கருத்தை வெளியிட்டார். வெறும் உப்புநீரைப் பருகினால் அது பேதியாகவே வெளியேறும். அதனுடன் தக்க அளவில் குளுக்கோஸ் சேர்த்தால், அது சோடியத்தை உடன் இழுத்துச் செல்ல, நீர் அதனைப் பின்தொடரும். காலரா நஞ்சு இவ்வழியைத் தடுப்பதில்லை. சுரக்கும் குழாயை மூட இயலாவிடினும், உறிஞ்சும் வாயில் திறந்தே இருக்கிறது.

நடைமுறை சில இடங்களில் கொள்கையை முந்திக்கொண்டது. கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து 186 காலரா நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்ததை 1953-லேயே ‘லான்செட்’ இதழில் எழுதியிருந்தார். ஆனால் அதில் முறையான ஒப்பீட்டுச் சான்றுகள் இல்லை; அது ஏன் பயன்படுகிறது என்பதை விளக்கும் அறிவியலும் அப்போது இல்லை. 1968-இல் டாக்காவில் நாலின், கேஷ் ஆகியோர் நடத்திய ஆய்வும், கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தினர் நடத்திய ஆய்வுகளும் கரைசலின் பயனை அளவிட்டுக் காட்டின.

1971: போங்காவ்

அதுவரை காலராவுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை, இரத்தக் குழாய்வழி உப்புநீர் ஏற்றுவதாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் இதனைச் சீர்படுத்தி மரணங்களைப் பெருமளவு குறைத்தார். ஆயினும் இதற்குத் தூய்மை செய்த திரவம், ஊசி, பயிற்சி பெற்ற ஊழியர், படுக்கை ஆகிய நான்கும் வேண்டும். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து வந்தபோது, போங்காவ் மருத்துவமனையில் இவற்றுள் எதுவும் போதவில்லை. நோயாளிகள் தரையிலேயே கிடந்தனர். டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் தலைமையிலான குழு, ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கலவையைக் கல்கத்தாவில் பொட்டலமிட்டு அங்கு கொண்டு சேர்த்தது. பெரிய கலன்களில் கரைத்து வைக்கப்பட்ட நீரை நோயாளிகளின் உறவினர்களே குவளைகளில் எடுத்துப் புகட்டினர். முன்னர் நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, இக்குழுவின் பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

மஹாலனாபிஸ் கையாண்ட ஓர் உபாயம் குறிப்பிடத்தக்கது. ஊசிவழி ஏறும் ‘சலைன்’ மீது மக்களுக்கு மிகுந்த நம்பிக்கை இருந்தது. குடிக்கும் நீரை மருந்தாக ஏற்க அவர்கள் தயங்கினர். எனவே இதுவும் சலைன்தான், வாய்வழிச் சலைன் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. பொருளை மாற்றாமல் பெயரை மாற்றியதே நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது. அவருக்கு 2023-இல், மறைவுக்குப் பின், பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது.

மலிவான மருந்தின் பொருளாதாரம்

போங்காவுக்குப் பின் கொள்கை விரைந்தது. உலக சுகாதார நிறுவனம் 1978-இல் வயிற்றுப்போக்கு நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அண்டை நாடான வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சம் குடும்பங்களுக்கு மேல் வீடு வீடாகச் சென்று, மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் கொண்டு கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்பித்தது. ஊழியர்களின் ஊதியம் சென்ற வீடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அமையவில்லை. பின்னர் மற்றொருவர் சென்று கேட்கும்போது தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தே அமைந்தது. இலக்கு எண்ணிக்கைகளை நிரப்புவதில் கழியும் பல திட்டங்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

இந்தியாவின் முன்னேற்றம் மெதுவானது. வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் உப்பு சர்க்கரைக் கரைசல் பெற்றோர், 2005–06 தேசியக் குடும்பநல ஆய்வில் நூற்றுக்கு 26 பேர். 2015–16-இல் 51 பேர். 2019–21-இல் 61 பேர். மூன்றாம் ஆய்வுக்கும் ஐந்தாம் ஆய்வுக்கும் இடையே அளவு இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது உண்மையே. ஆயினும் கல்கத்தாவில் தொடங்கி, எல்லையோர முகாமில் மெய்ப்பிக்கப்பட்டு, அரை நூற்றாண்டு கடந்த பின்னும், அப்பிறந்த நாட்டிலேயே பத்துக் குழந்தைகளில் நால்வருக்கு அது எட்டவில்லை. கரைசலுடன் கொடுக்கப்பட வேண்டிய துத்தநாக மாத்திரையோ 2019–21-இல் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பேருக்கே கிடைத்தது.

காரணம் விலையா, தட்டுப்பாடா? இக்கேள்வியை நேரே சோதித்த ஆய்வொன்று 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. பீகார், கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களின் சிறு நகரங்களில், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு எனக் கூறிக்கொண்டு பயிற்சி பெற்றவர்கள் தனியார் சிகிச்சையாளர்களிடம் அனுப்பப்பட்டனர். கரைசல் எழுதிக்கொடுக்கப்படாமைக்குப் பொருள் கையிருப்பில் இல்லாமை 6 சதவீதமும், வேறு மருந்து விற்பதில் வரும் இலாபம் 5 சதவீதமுமே காரணமாயின. ‘நோயாளி இதை விரும்பமாட்டார்’ என்று சிகிச்சையாளர் தாமாகக் கருதிக்கொள்வது மட்டும் 42 சதவீதக் காரணமாயிற்று. உண்மையிலோ கரைசலைக் கேட்டு வாங்க விரும்பியவர் பலர். அதை வாய்விட்டுக் கூறியவரே சிலர். விலையைக் குறைப்பதாலும் கிடங்குகளை நிரப்புவதாலும் மட்டும் இந்த இடைவெளி மூடாது. மருத்துவரிடம் செல்லும் தாய் கரைசலைப் பெயர் சொல்லிக் கேட்கும் நிலை உருவாக வேண்டும்.

பெயரைப் பற்றிய பேச்சு மற்றொரு திசையிலும் எழுந்தது. சர்க்கரை மிகுந்த சில பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைத் தம் பெயரில் தாங்கிக் கடைகளில் விற்கப்பட்டன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் இவ்வழக்கத்துக்குத் தடை விதித்தது. தடையின் நியாயம் குடலின் இயல்பிலேயே உள்ளது. சர்க்கரை அளவு மிகும்போது குடலுக்குள் உள்ள திரவத்தின் செறிவு இரத்தத்தினும் உயர்கிறது. அப்போது நீர் உள்ளே செல்வதற்கு மாறாகக் குடலை நோக்கி வெளியேறுகிறது. நோயைத் தணிக்க வாங்கிய பானமே பேதியை மிகுவிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் பழைய கலவையின் செறிவைக் குறைத்து, ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் என வரையறுத்ததும் இதே காரணத்தால்தான். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு குவளை நீரில் கரைப்பதும் இதே தவற்றில் முடியும். கிராமப்புறச் செவிலியரும் ஆஷா ஊழியர்களும் பொட்டலத்தைக் கொடுக்கும்போது நீரின் அளவையும் காட்டித் தருவது இன்றியமையாதது.

கரைசல் மரணத்தைத் தடுக்கிறதேயன்றி நோய் வருவதைத் தடுப்பதில்லை. அதற்குக் குடிநீரும் கழிப்பறையும், குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தடுப்பூசியும் வேண்டும். இத்தடுப்பூசி 2016-இல் நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் தொடங்கி, 2019-இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. அதற்கிடையில் நோய் கண்ட குழந்தைக்கு உடனே வேண்டியது பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஆகும். இவ்விரண்டையும் ஒரே உறையில் சேர்த்து வழங்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. தனித்தனியே கொள்முதல் செய்து தனித்தனியே வழங்கும் மாவட்டங்களில் பொட்டலம் தாயின் கைக்குச் சேர்ந்து, மாத்திரை கிடங்கிலேயே தங்கிவிடுவதற்கு வாய்ப்பு மிகுதி. கொள்முதல் விதிகளை வகுக்கும் மாநில அலுவலர்கள் அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் ஒரே உறை என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் பெரிய தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.